உப்பு டப்பாவில் இருந்த புள்ளி

மதினி,

இன்று காலை சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உப்பு டப்பாவை எடுத்து ஈரத் துணியால் ஓர் இழுப்பு இழுத்ததும், 'உப்பு' என்ற எழுத்தின் தலையில் இருந்த புள்ளி கழன்று என் விரலில் ஒட்டிக்கொண்டது. டப்பாவில் 'உபபு' என்று நின்றது. நம் மிஷினில் வெட்டி ஒட்டுகிற எழுத்து இத்தனை லேசில் கழலாது, நகத்தால் சுரண்டினால்தான் வரும். விரலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அரக்கு நிறம். மேலே வெல்வெட் துணி போல மெத்தென்று இருந்தது. நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அது.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டப்பாவில் நீங்கள் பேர் ஒட்டிய நாள் எதுவென்று யோசித்தேன். நாள் பிடிபட்டுவிட்டது. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதை எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவது? ஆள் இருக்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு, போன பிறகு பேசுகிறவள்தான் நான் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கோபிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்கள் இடத்தில் இப்போது மாரீஸ்வரி உட்காருகிறாள். ஏழாயிரம்பண்ணைக்காரி. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம். உங்களைப் போலவே பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துப் பழகிய விரல். உங்களைப் போலவே வெறும் நெற்றி. அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் அண்ணன் போனது யாரும் எதிர்பார்க்காதது. கேரளாவுக்கு லோடு இறக்கிவிட்டு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரமில்லாமல் கட்டிலில் சாய்ந்தார். பதினாறாம் நாள் உங்களைக் கிணற்றடியில் உட்கார வைத்து, ஒரு பெரியம்மா உங்கள் நெற்றிப் பொட்டை ஈரக் கையால் அழித்தார். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். உங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய சொம்பு அது. அண்ணன் பெயரும் கல்யாணத் தேதியும் அதில் வெட்டியிருக்கும். உங்கள் பெயர் இருக்காது. பிடி என்றார்கள், பிடித்தேன். நீங்கள் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் சொம்பைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எம். புதுப்பட்டியில் என் அம்மாவோடு இருந்தீர்கள். மாமியாரும் மருமகளுமாக ஒரு வீட்டில் இரண்டு வெறும் நெற்றி. அம்மா கெட்டவள் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவள். தானும் அப்படித்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு வேறு. 'இப்பல்லாம் யாரு இதப் பாக்கா' என்று டவுனில் சொல்வார்கள். நம் தெருவில் பார்ப்பார்கள். வருடம் திரும்பியதும், கம்பெனி வேனுக்கு விடியுமுன் எழுந்து ஓட வேண்டாம், சிவகாசியில் என் கடைக்கு வாருங்கள் என்று நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதுவரைக்கும் நல்லதுதான்.

கடை என்ன பெரிய கடை. வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷின், ஒரு நீள மேசை. பாத்திரக் கடையில் எவர்சில்வரில் பேர் வெட்டித் தருவார்கள். வெட்ட முடியாத சாமானெல்லாம் நம்மிடம் வரும். பிளாஸ்டிக் குடம், தண்ணீர் பாட்டில், பிளாஸ்க், சுவர்க் கடிகாரம், பீரோக் கண்ணாடி. கம்பெனிக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியைக் கொண்டுவருவார்கள். வேப்பமரத்தடியில் நாற்பது தூக்குவாளி வரிசையாக இருந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? வெட்டின பேர் வேண்டாம், கலரில் வேண்டும், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பார்கள்.

முதல் நாள் உங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறது. மிஷின் எழுத்தின் ஓரத்தைக் கீறி மட்டும் தரும். எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை நாம்தான் உரித்தெடுக்க வேண்டும். பெரிய எழுத்து தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புள்ளி பொடிசு. உரிக்கிற வேகத்தில் கழிவோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இங்கிலீஷில் பேர் கேட்கிறவர்களால் இந்தத் தொல்லை குறைவு. தமிழில் ஒரு பேருக்கு இரண்டு மூன்று புள்ளி. உங்கள் பெயரிலேயே இரண்டு உண்டு.

உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த நானே அந்த வாரம் மாட்டிக்கொண்டேன். வெம்பக்கோட்டையிலிருந்து ஒருவர் மூன்று குடம் கொண்டுவந்து 'செல்வம்' என்று ஒட்டி வாங்கிப் போனார். நாலு நாளில் ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் கோபமில்லை. "செல்வம்னு ஒட்டச் சொன்னேன், செலவம்னு ஒட்டிருக்கீக. கொளாயடியில எல்லாரும் செலவு வந்துருச்சு செலவு வந்துருச்சுங்கிறாக" என்றார். நீங்கள் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அண்ணன் போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு புள்ளி போனாலும் போகட்டும் என்று அந்த நேரம் தோன்றியது.

அன்றிலிருந்து புள்ளியெல்லாம் உங்கள் பொறுப்பு. நான் ஒரே இழுப்பாக உரிப்பேன். நீங்கள் ஊசி முனையால் புள்ளியை முதலில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மெல்ல மடக்கி எடுப்பீர்கள். எத்தனை ஆர்டர் நின்றாலும் அந்தக் கை பதறாது. "செருப்போட சேத்து அவசரத்தையும் வெளிய விட்டுட்டு வரணும்" என்பீர்கள். பட்டாசுக் கம்பெனி மருந்து அறையில் பழகிய பழக்கம். ஒட்டும்போதும் அப்படித்தான். எழுத்தைச் சாமானின் மேல் பொருத்தி வைத்துவிட்டு, அமுக்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பீர்கள். "நேரா இருக்கா பாரு." நான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பாமலே இருக்கு இருக்கு என்பேன். உங்களுக்கு என் கண் தேவையே இல்லை. கேட்டுவிட்டு அமுக்குவது உங்கள் வழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மேசை மேல் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அரக்கு நிறம், சின்ன அளவு. இது எதற்கு என்றேன். "புள்ளி விளுந்தா ஒட்டிக்கிரலாம்" என்றீர்கள். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று மெச்சினேன். ஒரு புள்ளிக்காக மிஷினை மறுபடி ஓட்டுவது தண்டம். கழுவுகிற சாமானுக்கு ஆகாது, கடிகாரம், பீரோ போன்றவற்றுக்குத் தாங்கும். அப்படி நாலைந்து வீட்டுக் கடிகாரங்களில் உங்கள் பொட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

துணிப்பையில் இஸ்திரி வைத்து ஒட்டுகிற எழுத்தை இடம் வலமாக மாற்றி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி வெட்ட வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மேசை மூலையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து காப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். திரைச்சீலை இடுக்கு வழியாக அந்தக் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது. நெற்றியில் பொட்டு.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. சிரிக்கவில்லை, அழவில்லை, தலையைக்கூட ஒதுக்கவில்லை. கையில் பாதி உரித்த தாளோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் கையில் டம்ளர் ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் கேட்டதும் உங்கள் கை நெற்றிக்குப் போனது. நான் வந்து காப்பியை வைத்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. நடுவில் மட்டும் பசை பட்ட இடம் பொடிசாக மினுங்கியது. எனக்குத் தெரியாத மாதிரி நான் இருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரியாத மாதிரி நீங்களும் இருந்தீர்கள்.

பிறகொரு நாள் கீழே விழுந்த ஊசியைத் தேடிக் குனிந்தபோது மேசைப் பலகையின் அடியில் கை பட்டது. வரிசையாகச் சொரசொரவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் பொட்டு. புள்ளி விழாத நாட்களிலும் ஆள் வரும்போது அவசரமாக எடுத்த பொட்டெல்லாம் அங்கே ஒட்டியிருந்தன. நான் எண்ணவில்லை. எண்ணினால் கேட்க வேண்டி வரும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு உள்ளிருந்து கடைக்கு வரும்போதெல்லாம் இரண்டு டம்ளரை ஒன்றோடு ஒன்று தட்டிக்கொண்டே வருவேன். என் வீட்டுக்காரர்கூட இதென்ன பழக்கம், கோயில் மணி மாதிரி என்று கேலி செய்தார். மதினி, உங்களுக்கு நான் செய்த ஒரே மரியாதை அந்த டம்ளர்ச் சத்தம்தான்.

ஒரு தடவை, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், தண்ணீர் பாட்டில்களுக்குப் பேர் உரித்துக்கொண்டிருந்தபோது நீங்களாகச் சொன்னீர்கள். "மெய்யெளுத்துக்குத் தலையில புள்ளி. அத எடுத்துட்டா உயிர் வந்து சேந்துக்கிரும்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாக. நமக்குத்தான் எடுத்தா போயிருது." மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழாத மாதிரி தாளைச் சரி செய்தேன். அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பின்னால் வந்தது வந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னால் வந்ததை எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு இந்த மடலில் வேறு என்ன எழுதினாலும் பொய்.

ஆவணி மாதம் ஒரு பெரிய வீட்டு வளைகாப்புக்கு ஆர்டர் வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க மஞ்சளுக்கு ஒன்று, குங்குமத்துக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாகச் சிமிழ். மூடியில் 'மஞ்சள்', 'குங்குமம்' என்று அரக்கு நிறத்தில் பொடி எழுத்து. ஒரு ஜோடிக்கு நாலு புள்ளி. நான்கு நாள் நீங்கள் கண்ணை எடுக்காமல் உரித்தீர்கள். கடைசி நாள் கரண்ட் இல்லை. கடைசிச் சிமிழில் 'குங்குமம்' என்பதில் ஒரு புள்ளி போய்விட்டது. மறுபடி வெட்ட வழியில்லை. சிமிழ் வாங்க அந்த வீட்டம்மாவே நேரில் வந்துவிட்டார். நான் வாசலில் அவரை வரவேற்றுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். என் கையில் அன்றைக்கு டம்ளர் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். நீங்கள் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அந்தச் சிமிழ் மூடியில் வைத்து அமுக்கினீர்கள்.

அந்தம்மா என்னை வெளியே கூப்பிட்டு, அவுகளுக்கு வீட்டுக்காரர் இருக்காரா என்று மெதுவாகக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர், வயிற்றுப் பிள்ளைக்காரி விசேஷம், தப்பா எடுத்துக்கிடாதீக என்று சொல்லிவிட்டுச் சிமிழை எடுக்காமலே போய்விட்டார். குரல்கூட உயரவில்லை. அவரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவர் பயம் அவருக்கு. குறை என்னிடம்தான். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று உள்ளே வந்து உங்களைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒங்க நெத்தியில இருந்ததயா மதினி குங்குமச் சிமிளுக்கு ஒட்டுவீக? ஒங்களுக்கே தெரிய வேணாமா?"

நீங்கள் ஊசியை மேசையில் வைத்தீர்கள். "தெரியும். அதான் எடுத்துட்டேன்" என்றீர்கள்.

புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு கழிவுத் தாளையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டீர்கள். ஐந்தரை பஸ்ஸுக்கு எப்போதும் போலக் கிளம்பினீர்கள். மறுநாள் எப்போதும் போல வந்தீர்கள். மேசையில் பொட்டு அட்டை இல்லை. அடியில் கை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை, சுத்தமாகச் சுரண்டியிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் நான் செய்தது என்ன தெரியுமா? ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் பத்துப் புள்ளி கூடுதலாக வெட்டும்படி கம்ப்யூட்டரில் மாற்றினேன். புள்ளி விழுந்தால் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். இனிமேல் அந்த மாதிரிப் பேச்சே வராது என்று பெருமையாக உங்களிடம் காட்டினேன். "நல்லதுதான்" என்றீர்கள். உங்களுக்கு இருந்த ஒரு சாக்கையும் மிஷினை வைத்துப் பிடுங்கியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் ஒரு புள்ளியையும் தவறவிடவில்லை. கூடுதலாக வெட்டிய புள்ளிகள் அப்படியே கழிவோடு போயின. கண்ணாடியைத் துணிப்பை ஆர்டர் வந்தால் மட்டும் திருப்பி வைப்பீர்கள், முடிந்ததும் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவீர்கள். நான் டம்ளர் தட்டுவதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பேச்சு நிற்கவில்லை. ஊர்க் கதை, விலைவாசி, மழை வராதது எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. எப்போதாவது கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நல்ல நாளுக்கும் தள்ளிப் போட்டேன். தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டி ஊரே சத்தமில்லாமல் கிடந்த வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஐந்தாம் நாள் நான் கஞ்சி ஊட்டியபோது மூச்சு வாங்கிக்கொண்டே, பாதியில் கிடந்த ஒரு தூக்குவாளி ஆர்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் கமலம் என்ற பேருக்குக் கடைசிப் புள்ளி இன்னும் அமுக்கவில்லை என்றீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பேச்சிலாவது என் வாயிலிருந்து அது வந்திருக்கலாம். வரவில்லை.

புதுப்பட்டிக் கிணற்றடியில் உங்களைக் குளிப்பாட்டினார்கள். அதே சொம்பை அதே மாதிரி நான் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் திருநீறு பூசினார்கள். என் நெற்றியில் அன்றைக்கு வைத்த பொட்டு இருந்தது. எடுத்து உங்களுக்கு வைக்க ஒரு கை தூரம். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். வைக்கவில்லை, மதினி. கோழைத்தனம்தான், வேறு பெயர் வைத்து அழைக்க எனக்குத் தெரியவில்லை. சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு ஒரு பெண் என்னிடம் உங்கள் நெற்றியில் ஏதோ மினுங்கியதாகச் சொன்னாள். வியர்வையாக இருக்கும் என்றேன். இறந்தவர்களுக்கு வியர்க்காது என்பது வீட்டுக்கு வந்துதான் தோன்றியது.

என் ஒரு வார்த்தையால் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் இந்த ஒன்பது மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை உப்பு டப்பாப் புள்ளி விரலில் ஒட்டிக்கொண்டது. டப்பா வந்தது எப்போது? சமையலறைக்கு வெள்ளையடித்து, பழைய டப்பாக்களை எல்லாம் கழித்துப் புதிதாக வாங்கினேனே, அந்த மார்கழியில். வளைகாப்புச் சங்கதிக்கு ஒரு வருடத்துக்கு மேல் கழித்து.

அந்த நாள் இப்போது அடி முதல் நுனி வரை ஞாபகம் வருகிறது. நீங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மல்லி, மிளகு, சீனி, துவரை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கடையில் இருந்துவிட்டு வெறும் காலோடு சத்தமில்லாமல் உள்ளே வந்தேன். உங்கள் கை நெற்றிப் பக்கம் போய்விட்டு உப்பு டப்பாவுக்கு வந்தது. முந்தானையால் முகம் துடைத்தீர்கள் என்று நினைத்தேன். "புள்ளி விளுந்துருச்சு" என்றீர்கள், நான் ஒன்றும் கேட்காமலே. உங்கள் மடியில் கூடுதல் புள்ளி பத்தும் தாளில் அப்படியே இருந்தன. பார்த்தேன், உறைக்கவில்லை.

டப்பாவை என் பக்கம் திருப்பி, "நேரா இருக்கா பாரு" என்றீர்கள். இருக்கு இருக்கு என்று பருப்பைக் களையப் போய்விட்டேன். நீங்கள் பின்னாலிருந்து சொன்னீர்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாக. உப்புக்குப் பேரு ஒட்டுனவள நெனப்பியா?"

நீங்கள் நிறுத்தவில்லை, மதினி. என் வார்த்தைக்குப் பிறகும், என் பத்துப் புள்ளிக்குப் பிறகும், என் வீட்டுக்குள்ளேயே, எனக்கே தெரியாமல் பொட்டு வைத்திருக்கிறீர்கள். கடைசி நாள் உங்கள் நெற்றியில் மினுங்கியதும் பசைதானோ என்னவோ. இதை நினைத்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையில் பாதி வெட்கம். மீதி என்னவென்று சொல்வது, நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். என் நாக்குக்கு நான் நினைத்த அளவு பலமில்லை என்று நீங்களே வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இந்த மடலை இத்தோடு மடித்து வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து இன்று மறுபடி எடுத்திருக்கிறேன், சொல்ல ஒன்று இருப்பதால்.

அந்தப் புள்ளியில் பசை போய்விட்டது. கடைக் கண்ணாடியின் மேல் மூலையில் துளி கோந்து தொட்டு ஒட்டியிருக்கிறேன். கண்ணாடியைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி வைத்தேன். கம்ப்யூட்டரில் அந்தக் கூடுதல் புள்ளி பத்தையும் அழித்தேன். பஜாருக்குப் போய் ஓர் அட்டை பொட்டு வாங்கி வந்து மேசையில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன். அரக்கு நிறம், சின்ன அளவு. உப்பு டப்பா மட்டும் 'உபபு' என்றே இருக்கிறது. என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டு உப்புலயே புள்ளியில்ல, நீ ஊருக்கு ஒட்டுற என்கிறார். இருக்கட்டும் என்றேன்.

மாரீஸ்வரி அட்டையைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டாள். புள்ளி விழுந்தால் ஒட்டத்தான் என்றேன். அதுக்குத்தான் மிஷினே கூடுதலா வெட்டித் தருதேக்கா என்றாள். இனிமேல் தராது, எடுத்துவிட்டேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் தாளைச் சரி செய்தேன். இந்தத் தடவை பயந்து செய்யவில்லை. மூன்று நாள் அட்டை அப்படியே கிடந்தது. நாலாம் நாள், அதாவது நேற்று, ஒரு பொட்டு குறைந்திருந்தது. மேசைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். இருந்தது. நீங்கள் ஒட்டுகிற அதே இடத்தில்.

இன்று மத்தியானம் காப்பி போட்டுக்கொண்டு, இரண்டு டம்ளரையும் தட்டிக்கொண்டே வந்தேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று இன்னொரு தடவை தட்டினேன். அவளுக்கு நேரம் கொடுத்தேன். பிறகுதான் உள்ளே போனேன்.

அவள் எடுக்கவில்லை, மதினி. பொட்டோடு உட்கார்ந்திருந்தாள். கை ஊசியில்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குக் கிணற்றடியில் நீங்கள் பார்த்த மாதிரி.

"நேரா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். இருக்கு இருக்கு என்று சொல்லவில்லை. கிட்டத்தில் போய் இரண்டு புருவத்துக்கும் நடுவில் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு நூல் அளவு இடப்பக்கம் தள்ளியிருந்தது. விரல் நுனியால் அதை நகர்த்தி, நீங்கள் அமுக்குகிற மாதிரி மெல்ல அமுக்கினேன்.

"இப்ப நேரா இருக்கு" என்றேன்.